நாகையாவின் பரோலோ

என் அப்பா நாகையாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பேச்சைப் பல வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். "அம்மாவைக் கொன்னது நீங்க திறக்காத போத்தல் இல்லப்பா, நீங்க அனுப்பாத வண்டி." இவ்வளவுதான். எத்தனையோ சண்டையில் நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் என்னோடு குழாயடியில் நின்றவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

அப்பா அம்பாங்கில் ஓர் இத்தாலித் துரையிடம் சமையல்காரராக இருந்தார். துரை பெயர் போனார்தி. ஈயச் சுரங்கத்தில் இயந்திரம் பார்க்க வந்தவர். மற்ற வெள்ளைக்காரர்களுக்கு விஸ்கி போதும், இவருக்கு மட்டும் சொந்த ஊர் திராட்சை மதுதான் இறங்கும். பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து, கிள்ளான் பக்கம் இறங்கி, ரயிலேறி வீடு வந்து சேரும். அதில் இரண்டு வகை. ஒன்று பார்பெரா. கறுத்த சிவப்பு, பார்த்தால் ஆட்டு ரத்தமேதான். வாயில் வைத்தால் புளிக்கும். அது அன்றாடச் சாப்பாட்டுக்கு, அடுக்களைப் பலகையிலேயே கிடக்கும். இன்னொன்று பரோலோ. அது அலமாரிக்குள் பூட்டியிருக்கும். சாவி துரையின் கடிகாரச் சங்கிலியில் தொங்கும்.

துரை ஒரு நாள் பரோலோவில் இரண்டு வாய் மிச்சம் வைத்து அப்பாவிடம் நீட்டியிருக்கிறார். அப்பா குடிக்கிற ஆள் இல்லை. மரியாதைக்கு நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இது பச்சைப் பாக்கை மென்ற மாதிரி வாயை இழுத்துப் பிடிக்கிறதே என்று அரைகுறை மலாயில் சொல்லிவிட்டார். துரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு போத்தலைத் திறக்கும்போதெல்லாம் அப்பாவிடம் அதைப் பற்றிப் பேசுவாராம். தன் ஊர்ப் பக்கம் ஒரு சில மலைச்சரிவில் விளைந்ததற்குத்தான் அந்தப் பெயர், அந்த எல்லையைத் தாண்டினால் அதே கொடியின் பழமாக இருந்தாலும் பரோலோ என்று சொல்லக் கூடாது. நிறம் வெளிறித்தான் இருக்கும், பழசாகப் பழசாகச் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். அந்தத் துவர்ப்பு அடங்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மோந்தால் முதலில் ரோஜாப்பூ, பின்னாலேயே தார்.

"ரோஜாவாம், தாராம். சாமி ஊர்வலத்துக்குன்னு புதுசா ரோடு போட்ட மாதிரி இருக்கும் ஆத்தா," என்று அப்பா சொல்வார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது இந்தப் பேச்சில் மட்டும்தான்.

துவர்ப்பு என்றால் நம் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மாதுளந்தோல், மாம்பருப்பு, ஆவாரம்பட்டை. வயிறு கழிந்தாலும் சரி, ரத்தம் போனாலும் சரி, முதலில் துவர்ப்பைத்தான் தேடுவோம். சுரங்கத்துக் கூலி ஒருவன் வயிற்றுப்போக்கில் கண் சொருகிக் கிடந்தபோது, துரை வீசச் சொன்ன பரோலோ மண்டியை அப்பா கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார். நின்றுவிட்டது. தானாக நின்றதோ, துவர்ப்பில் நின்றதோ, யாருக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அவர் மருந்துக்கார நாகையா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் மண்டியைக் கரண்டியில் அளந்து கொடுப்பார். மனுஷன் நடையே மாறிப்போனதாகச் சின்னம்மா சொல்லும்.

சின்னம்மா சீதாலெட்சுமி என் அம்மாவின் தங்கை. அம்மா புஷ்பவல்லிக்குத் துணையாகப் பிரசவத்துக்கு வந்து, கடைசியில் என்னை வளர்க்கத் தங்கிவிட்டது. நான் பிறந்த அன்று நடந்ததை அது சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலையில் நான் பிறந்தேன். பிரசவம் பார்த்தது பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வந்த மலாய்க்காரப் பாட்டி. என்னைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் அம்மாவுக்குப் போட்ட துணி நனைந்துவிட்டது. மாற்றிய துணியும் நனைந்தது. மலாய்க்காரப் பாட்டி அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி முழுசாக வரவில்லை, உள்ளே கைவிட்டு எடுக்க எனக்கு வராது, கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அண்டை வீட்டுத் தம்புசாமி யாரும் கேட்காமலேயே மாட்டு வண்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்பா வண்டியைப் பார்க்கவில்லை. துரை வீட்டுக்கு ஓடினார். துரை ஈப்போ போயிருந்தார், சாவியும் அவரோடு போயிருந்தது. பூட்டிய அலமாரிக்கு முன்னால் அப்பா விறகுக் கோடாலியோடு நின்றிருக்கிறார். கண்ணாடி வழியாகப் பரோலோ தெரிகிறது. உடைத்தால் வேலை போகும், போலீஸ் வரும். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, பலகையிலிருந்த பார்பெராவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். இதுவும் அதே ஊர்தானே, இதுவும் சிவப்புதானே என்று நினைத்திருப்பார். பாவி மனுஷன்.

பித்தளைத் தம்ளரில் ஊற்றிச் சீனி போட்டுக் கலக்கி அம்மா வாயில் வைத்தார். வெறும் வயிறு, பெற்ற உடம்பு. கொஞ்ச நேரத்தில் வெளிறிக் கிடந்த கன்னம் இரண்டும் சிவந்துவிட்டது.

"பாத்தியா, ரத்தம் ஏறுது," என்றாராம் அப்பா.

"வண்டி நிக்குது நாகையா. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புனா நல்லது," என்று வாசலிலிருந்து தம்புசாமி குரல் கொடுத்திருக்கிறார்.

"வேணாண்ணே. முகம் தெளிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யாரு திரும்பி வந்தா? மாட்ட அவுத்துடுங்க."

அம்மா சின்னம்மாவோடு பழைய கல்யாணக் கதையெல்லாம் பேசிச் சிரித்ததாம். சாராயம் ஏறினால் யாருக்கும் முகம் சிவக்கும், பேச்சு வரும் என்பது அந்தக் குடிக்காத வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு தூக்கம் வருகிறது என்று சொன்னது. அப்பா ஊரெல்லாம் கேட்கிற மாதிரி, தூங்கட்டும், யாரும் எழுப்பாதீங்க என்று வாசலில் காவல் உட்கார்ந்தார். பிற்பகலில் எனக்குப் பால் கொடுக்க எழுப்பப் போன சின்னம்மா பாயைத் தொட்டுப் பார்த்தது. பாய்க்குக் கீழே மண்தரை ஈரமாக இருந்தது.

பிணத்தை எடுப்பதற்குள்ளேயே அப்பா சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அது புளிப்பு. நான் துவர்ப்பைக் கொடுத்திருக்கணும். பூட்டை ஒடச்சிருக்கணும்." தம்புசாமியின் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அந்தக் கோடாலியும் அலமாரியும் மட்டும் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டன.

இதைத் துரையிடமும் சொல்லியிருக்கிறார். நான் ஓரளவு வளர்ந்த பிறகு அவர் ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது அலமாரிச் சாவியை அப்பா கையிலேயே கொடுத்து, ஒன்றை எடுத்துக்கொள் என்றார். அப்பா ஒரு பரோலோவை எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் போத்தல் எங்கள் வீட்டில் வளர்ந்த கதையைச் சொன்னால் வயிறு எரியும். அது சூட்டில் கெட்டுவிடும் என்று கட்டிலுக்கடியில் மணல் தொட்டி, மேலே சாக்கு, சாக்குக்குக் காலையும் மாலையும் தண்ணீர். குழாயில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்து வருவேன், பாதி அதற்குப் போகும். "எனக்கு ஒரு வேளைக் குளியல், உங்க போத்தலுக்கு ரெண்டு வேளையா?" என்று கத்துவேன். "உனக்குத்தான் ஆத்தா வெச்சிருக்கேன்," என்பார். அப்போது அந்த வண்டிப் பேச்சு நாக்கு நுனிக்கு வரும். விழுங்கிவிடுவேன்.

துரை போன பிறகு அப்பாவுக்குச் சமையல் வேலை கிடைக்கவில்லை. ரோடு போடுகிற கூலியாகச் சேர்ந்து, தார் காய்ச்சும் அண்டாவோடு நின்றார். வருஷக்கணக்கில் அந்தப் புகையைக் குடித்து மூக்கு செத்துப்போனது. சாம்பார் கொதித்தாலும் தார், மல்லிகை வைத்துக்கொண்டு போனாலும் தார். எதை மோந்தாலும் அவருக்கு அந்த ஒரு வாசனைதான்.

எனக்கு ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த வேலாயுதத்தைக் கட்டிவைத்தார்கள். அப்பாவும் போத்தலோடு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊரெல்லாம் ஆள் குறைப்பு, கூலிகளைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற காலம். அந்த வருஷம்தான் எனக்கு வயிற்றில் தங்கியது. மாசம் நெருங்கியதும் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். "ரத்தம் நிக்கலன்னா யாரையும் கேக்காதீங்க. எங்கப்பா என்ன சொன்னாலும் கேக்காதீங்க. தூக்கிட்டுப் போயிடுங்க."

நான் பயந்தபடியே ஆனது. ஆண் குழந்தை பிறந்தது. துணி நனைந்தது, மாற்றியது நனைந்தது. கை கால் சில்லிட்டது. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அப்பா வாசலில் வந்து நிற்கிறார், நெஞ்சோடு சேர்த்துப் போத்தல், சாக்குத் தண்ணீர் வேட்டியில் சொட்டுகிறது.

"மாப்ள, கொஞ்சம் பொறுங்க லா. இது பார்பெரா இல்ல. இதுதான் அது. ஒரு வாய் உள்ள போனா நின்னுடும்."

"வழிய விடுங்க மாமா," என்றார் என் வீட்டுக்காரர். அப்பா நகரவில்லை. அவர் அப்பாவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு என்னை ரிக்‌ஷாவில் ஏற்றினார். கட்டியவரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. அந்த ஓர் இடிக்காக எல்லாவற்றையும் மன்னித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளே கையை விட்டு, தங்கியிருந்த நஞ்சுக்கொடித் துண்டை எடுத்துப் போட்டார். ஊசி போட்டார். ரத்தம் நின்றது. அவ்வளவுதான் வேலை. நர்ஸ் மிஸ்ஸி அந்தத் துண்டை எனக்குக் காட்டினாள், வெற்றிலை அளவுகூட இல்லை. என் அம்மாவுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். படுத்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதேன். இனி விழுங்கப் போவதில்லை, அப்பா வரட்டும், முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பிற்பகல் வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்தார். பேரனைப் பார்த்தார், தொடவில்லை. சாக்கிலிருந்து போத்தலை எடுத்து, கத்தி முனையால் தக்கையை நோண்டினார். தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாயருகே மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார்.

"தார் வாசனை அப்படியே இருக்கு பாரு ஆத்தா. கெடவே இல்ல."

ஆஸ்பத்திரிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். செங்கல் நிறம்தான். பத்து வருஷத்துக்கு மேல் சாக்கு நனைத்த கை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் குவளையை உதட்டில் வைத்துவிட்டார்.

காடி. தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கிய வெறும் புளித்த காடி. அம்பாங் வெயிலிலும் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்கடியிலும் அது என்றைக்கோ செத்துப்போயிருக்கிறது. தண்ணீரெல்லாம் வீண்.

"எப்படி இருக்கு?" என்றார்.

அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. வண்டியைப் பற்றிச் சொன்னால் அந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? போத்தலை மாற்றி எடுத்தவன் என்பதோடு போகட்டும், வண்டியைத் திருப்பி அனுப்பியவனாக வேண்டாம் என்று பட்டது. இரண்டாவது வாயும் குடித்தேன்.

"துவர்க்குதுப்பா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. போத்தலை மறுபடி சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இந்த மருந்து அவளுக்குக் கேட்டிருக்கும்," என்றார். "அன்னிக்கே பூட்டை ஒடச்சிருந்தா உங்கம்மா இருந்திருப்பா."