சித்தப்பா ஒடித்த ஸ்டூல் கால்

என் ஸ்டூலின் காலை ஒடித்தது சித்தப்பாதான் என்று அப்பா இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். ஒடித்தது நான்.

மைசூரில் நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தையல் அல்லது மரவேலை என்று ஒரு தொழிற்பாடம் உண்டு. பெண்கள் எல்லோரும் தையலுக்குப் போக, நானும் இன்னொருத்தியும் மட்டும் மரவேலையில் சேர்ந்தோம். பெரிய ஆசையெல்லாம் இல்லை. மரவேலை சார் வீட்டுப்பாடம் கொடுக்கமாட்டார், அவ்வளவுதான்.

கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கொரு ஸ்டூல் செய்யவேண்டும். ஆணி கூடாது. ஒவ்வொரு காலின் நுனியிலும் நாக்கு மாதிரி ஒரு கழுந்து செதுக்கி, அது பலகையில் வெட்டிய துளைக்குள் இறுக்கமாகப் போய் உட்காரவேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்காக வீட்டுக்கு எடுத்துப்போக விட்ட சார், காலை மட்டும் மாட்டிப் பார்க்காதே என்று எச்சரித்திருந்தார். நான் மாட்டிப் பார்த்தேன். நான்காவது கால் இறங்கவில்லை. இஞ்சி தட்டும் கல்லை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். கழுந்து நெடுக்காகப் பிளந்துவிட்டது.

நடுவில் ஒரே ஒரு நாள், அதற்கடுத்த நாள் பரீட்சை. ஆளுக்கு நான்கு கால்தான், ஐந்தாவது கிடையாது என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அழுதுகொண்டிருக்கும்போது சித்தப்பா வேலை முடிந்து வந்தார். அப்பாவின் தம்பி, ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு தர்மபுரியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தவர். கட்டடங்களில் சென்டரிங் வேலை. கான்கிரீட் கொட்டப் பலகை அடிப்பார்கள், இறுகியதும் பிரித்துப்போடுவார்கள்.

பிளந்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விடு பாப்பா. நான் ஏறி உக்காந்து ஒடிச்சிட்டேன்னு சொல்லிக்கலாம்."

அப்பாவிடம் அப்படியே சொல்லி, வயிறாரத் திட்டும் வாங்கிக்கொண்டார். காலையில் வேலைக்குப் போகாமல், இஸ்திரி போட்ட சட்டையில் என்னோடு பள்ளிக்கு வந்தார்.

"தப்பு நந்து சார்," தப்பு என்னுடையது என்று, அரைகுறைக் கன்னடத்தில் சாரிடம் தொடங்கினார். சார் பிளந்த காலைப் பார்த்தார். காலின் மறுமுனையில் கல் பட்ட தடம் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். மூலையில் கிடந்த ஒரு கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வேலை முடிந்ததென்று சித்தப்பா கிளம்பிவிடுவார் என நினைத்தேன். அவர் போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சார் எனக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுக்கும்போது கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த துண்டு மரம் ஒன்றை எடுத்து, பக்கத்துப் பையனிடம் பென்சிலும் மூலைமட்டமும் கேட்டு வாங்கி, அவரும் கோடு போடத் தொடங்கினார். சார் போகிறபோக்கில் குனிந்து, அவர் பிடித்திருந்த மட்டத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார். சித்தப்பா எழுந்து நின்று தலையாட்டினார்.

வகுப்பே சிரித்தது. புது அட்மிஷனா என்று ஒருவன் கன்னடத்தில் கேட்டான். எனக்குக் காது சுட்டது. கிட்டே போய், "கெளம்புங்க சித்தப்பா, எல்லாரும் பாக்கறாங்க," என்றேன்.

"இந்த ஒரு பக்கம் அறுத்துட்டுப் போயிடறேனே," என்றார்.

நான் நகரவில்லை. பென்சிலையும் மட்டத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

புதுக் கால் ஒரே தட்டில் உட்கார்ந்தது. பரீட்சை நடத்த வந்தவர் ஸ்டூலை ஆட்டிப் பார்த்துவிட்டு நல்ல மார்க்கே போட்டார். அன்று சாயங்காலம் சித்தப்பா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "இனிமே அந்த கிளாஸ் எப்ப பாப்பா?" என்று கேட்டார்.

"அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு. இனி நீங்க அந்தப் பக்கமே வரவேண்டாம்," என்றேன் உற்சாகமாக.

அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு, சித்தப்பா கைகால் கழுவப் போனார்.