ஏகாம்பரத்தின் கை

எங்கள் பசுவுக்குத் தவிடு கொண்டுவரும் பச்சையம்மா, போன வாரம் கூடையைக் கவிழ்த்த பிறகும் போகாமல் நின்றாள்.

“சாமி, எங்க வூட்டுக்காரருக்கு நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும். ஓடற பெல்ட்டுல கை வெக்கிறாரு. நான் சொன்னா கேக்கவே மாட்டேன்றாரு.”

அவள் புருஷன் ஏகாம்பரத்துக்கு ஸ்டேஷன் பக்கத்து நெல் மிஷினில் வேலை. இவளும் அங்கேயே நெல் புடைக்கிறாள். தினமும் முசரவாக்கத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து வருவார்கள். இன்ஜினிலிருந்து அரவை மிஷினுக்குப் போகும் தோல் பட்டை அடிக்கடி சக்கரத்தைவிட்டு நழுவுமாம். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் அதை மாட்ட வேண்டும். இவன் நிறுத்துவதில்லை. சக்கரம் சுற்றும்போதே கையால் தள்ளி மாட்டிவிடுகிறான். போன வருஷம் இப்படிச் செய்த ஒருவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது.

“அவரு கை போச்சின்னா புள்ளைங்களை வெச்சிக்கினு நான் எங்க போவேன், சாமி?” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. வாரா வாரம் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன்... ஒரே ஒரு ஏகாம்பரத்துக்குச் சொல்ல முடியாதா?

மிஷினுக்குப் போனேன். கருட சேவைக் கூட்டத்தில்கூட அவ்வளவு புழுதி நான் பார்த்ததில்லை. சுவரில் பெரிதாக ஒரு போர்டு – ‘ஓடும் பெல்ட்டைத் தொடாதே’. அதன்மேல் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. துண்டை விலக்கி மானேஜரே எனக்குப் படித்துக் காட்டினார். சர்க்கார் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு ரொம்பத் திருப்தியாகப் போனாராம்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, பெல்ட் நழுவியது. ஏகாம்பரம் இரண்டே எட்டில் போய், உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினான். பெல்ட் ஏறிக்கொண்டது. நான் ஓரடி பின்வாங்கினேன். மானேஜர் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“போர்டு என்ன ஓய் சொல்கிறது?” என்றேன்.

“போர்டு சரிதான், சுவாமி. ஆனா நிறுத்தினா மறுபடி இன்ஜினைச் சூடேத்திக் கிளப்பறதுக்குள்ள, வண்டிக்காரன்லாம் நெல்லைத் திருப்பிக்கினு வேற மிஷினுக்குப் போயிடுவானே?”

அப்படியானால் போர்டு யாருக்கு? கேட்டால் மனஸ்தாபம் வரும் என்று விட்டுவிட்டேன். ஏகாம்பரத்தைக் கிட்டே கூப்பிட்டேன்.

“ஏம்பா, பயமா இல்லையா உனக்கு? போன வருஷம் ஒருத்தனுக்கு விரல் போச்சாமே?”

“அது பெல்ட்டால போவல, சாமி. அன்னிக்கு அவன் பொஞ்சாதியோட சண்டை போட்டுக்கினு வந்தான். மனசு ஒரு நெலையில இல்ல.”

பக்கத்தில் மூட்டை தூக்கியவர்கள் எல்லாம் ஆமாம் என்றார்கள். மானேஜரும்தான். அதற்குப் பிறகு, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் அன்றைக்கு ஓடும் பெல்ட்டைத் தொட மாட்டான் – அது அங்கே சட்டம். யார் முணுமுணுத்தாலும் சரி, இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் மாட்டுவானாம். மானேஜரும் வாயைத் திறக்க மாட்டாராம். எழுதி மாட்டிய சட்டத்தில் துண்டு காய்கிறது. எழுதாத சட்டத்துக்கு இத்தனை மரியாதை!

“நீங்க அவளுக்குச் சொல்லுங்க, சாமி,” என்றான் ஏகாம்பரம். “காலைல பெல்ட்டு பெல்ட்டுன்னு வாயைத் தொறக்காம இருந்தா, என் கைக்கு ஒண்ணும் வராது.”

இவனுக்குச் சொல்லப் போய், அவளுக்குச் சொல்லும்படி ஆகிவிட்டதே! வழியெல்லாம் குழப்பம்தான். நான் மட்டும் என்ன வாழ்கிறது? வருஷக்கணக்காகக் கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறேன். இதுவரை விழவில்லை, ஆகவே அது பத்திரமான இடம். பூனை குறுக்கே போனால் மட்டும் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். ஆபத்து எங்கே இருக்கிறது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கண்ணா, பழக்கமா, பக்கத்தில் நிற்கிறவனா?

ஒன்றும் விளங்காமல், நடந்ததை அப்படியே பச்சையம்மாவிடம் சொன்னேன். “காலையில் நீ கொஞ்சம் சும்மா இரேன்,” என்றும் அசட்டுத்தனமாகச் சொல்லிவைத்தேன்.

“சண்டை போட்டா நிறுத்திட்டுத்தான் மாட்டுவாங்களாமா?” என்று மட்டும் கேட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று மானேஜர் வீடு தேடி வந்தார். “என்ன மந்திரம் போட்டீங்க, சுவாமி? பெல்ட்டு நழுவினா இன்ஜினை நிறுத்தாம கிட்டவே போவ மாட்டேன்றான். வண்டிக்காரனுங்க என்னைத் திட்டறானுங்க.”

எனக்கு ஒரே பெருமை. என் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா? இன்று காலை பச்சையம்மா வந்ததும், “பார்த்தாயா?” என்றேன்.

“நீங்க சொல்லி ஒண்ணும் இல்லீங்க, சாமி,” என்றாள் அவள், கூடையை இறக்கியபடி. “தெனமும் விடிஞ்சதும் ஒரு சண்டை போட்டுத்தான் இட்டுக்கினு வரேன். வழி முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினுதான் வராரு. வரட்டும். கை இருக்குது இல்ல?”

இது நியாயமா, அநியாயமா? ஒரு கையைக் காப்பாற்ற ஒரு வீட்டின் நிம்மதியைக் கெடுக்கலாமா? எனக்குத் தலை சுற்றியது. அவளுக்கு வேறு கவலை.

“கூழ்ல உப்புன்னு ஒரு நாளு போட்டாச்சி. எங்க மாமியாரை வெச்சி ஒரு நாளு போட்டாச்சி. நாளைக்கு எதை வெச்சி ஆரம்பிக்கறதுன்னே தெரியல, சாமி. நீங்க எழுதறவராச்சே, ரெண்டு சொல்லுங்க.”

அவசரத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் சண்டைக்குக் காரணம் உபரியாக இருந்தால் உடனே தபாலில் அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.