மெரோப்பியின் இடம்

கிரீஸில், எங்கள் வோலோஸ் நகரத்தில் காலுறை ஆலை மூடப்பட்டபோது எவாந்தியாவுக்கு நாற்பத்தேழு வயது. தையல் பிரிவின் மேற்பார்வையாளர், வாய்த்துடுக்குக்காரி, கணவனை விட்டுத் தனியே இருந்தவள். என் அடுத்த வீடு. இரண்டு குளிர்காலம் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்காமல், என் சமையலறையில் வந்து உட்கார்ந்து காலத்தைத் தள்ளினாள்.

"நாடே படுத்துக் கிடக்கு. நான் மட்டும் நிமிந்து நின்னு யாருக்குக் காட்டணும்?" என்பாள்.

அப்போதுதான் அரசின் வேலைச் சேர்ப்புத் திட்டம் வந்தது. வேலையில்லாதவரை ஒரு முதலாளி எடுத்துக்கொண்டால் ஐந்து மாதச் சம்பளத்தை அரசே கொடுக்கும். எவாந்தியாவை மலையடிவாரத்து முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கப் போட்டார்கள். முதல் நாள் திரும்பி வந்தபோது கைகளில் சோப்பு வாசனை. முகத்தில் பழைய களை. அரசுப் பணம் நின்ற வாரமே, "நீங்க தங்கமான ஆளு, ஆனா நிலைமை சரியில்ல" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

அடுத்த ஆண்டு, அந்தத் திட்டத்தால் என்ன பலன் என்று கணக்கெடுக்க ஆள் தேடினார்கள். நானும் அவளும் சேர்ந்தோம். எங்களுக்கு மேலே அனெஸ்திஸ், ஏதென்ஸிலிருந்து வந்த படித்த இளைஞர். கெட்டவர் அல்ல.

நேயா இயோனியா பகுதியில் ஸ்தாத்திஸ் என்பவரின் வீட்டுக்கு இருவரும் போனோம். திட்டத்தின்கீழ் டயர் கடையில் இருந்துவிட்டுச் சும்மா இருப்பவர். அவர் மனைவி மெரோப்பி காப்பி கொடுத்துவிட்டு அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தாள்.

"போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீங்களா?" என்று எவாந்தியா கேட்டாள்.

"மச்சானோட லாரியில சரக்கு இறக்கினேன். ஒரு டின் எண்ணெய் கொடுத்தான்."

"அப்படின்னா வேலையில இருக்கீங்கன்னு எழுதணும்."

ஸ்தாத்திஸ் சிரித்தார். "எழுதும்மா! நான் வேலையில இருக்கேன்னு எங்க வீட்டுக்காரிக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடு, நம்பட்டும்."

எவாந்தியாவும் சிரித்தாள். "நானும் இந்தத் திட்டத்துல போனவதான். முதியோர் இல்லத்துல, சலவைக்கு."

மெரோப்பியின் கை நின்றது. "மலையடிவாரத்துல இருக்கே, அதுவா? எப்ப?"

"போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு ஆரம்பிச்சப்ப."

"அதுக்கு முந்தின வாரம்தான் என்னை அனுப்பினாங்க. ஒன்பது வருஷம் அங்க வெளுத்தேன். இனிமே ஆளே வேணாம், துணியை வெளியில கொடுக்கப் போறோம்னு முதலாளி சொன்னாரு." அவள் எவாந்தியாவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப என் இடத்துல நீதான் வந்து நின்னியா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டியோ?"

எவாந்தியா படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். தெருவுக்கு வந்தபின் என்னிடம் சொன்னாள். "போயிருப்பேன்டி. அதுதான் வயித்தெரிச்சல்."

மறுநாள் அனெஸ்திஸிடம் போனாள். "ஒருத்தி உள்ள போக ஒருத்தி வெளிய வந்திருக்கா சார். இது எதுல வரும்?"

அவர் கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்குக் கேள்வியே இல்லீங்க. நாம எடுக்குறது திட்டத்துல சேர்ந்தவங்களை மட்டும்."

முடிவை அறிவிக்கும் கூட்டம் துறைமுகத்தருகே ஓட்டலில் நடந்தது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பாதியில் ஸ்தாத்திஸின் எண்ணெய் டின்னும் இருந்தது. எவாந்தியா எழுந்து மெரோப்பியின் கதையைச் சொன்னாள். மேடையிலிருந்த அதிகாரி, "நல்ல கருத்து, அடுத்த ஆய்வுல பார்க்கலாம்" என்றார். பாலாடைக்கட்டி அப்பம் பரிமாறினார்கள். அவள் தொடவில்லை.

அவள் அதோடு விடவில்லை. பொய் சொல்லி வேலையை விட்டு அனுப்பியதற்கு முதலாளிமேல் புகார் கொடுக்கலாம், தான் சாட்சி சொல்கிறேன் என்று மெரோப்பியிடம் போய் நின்றாள். முதலில் கதவைச் சாத்திய மெரோப்பி, இரண்டாம் முறை உள்ளே விட்டாள். இருவரும் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். கோர்ட்டில் நிற்கும் வழக்கு என்றார் வக்கீல்.

இதற்கிடையே திட்டத்தை இன்னொரு சுற்று நீட்டினார்கள். ஒருநாள் காலை மெரோப்பி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். எவாந்தியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புகார் வேணாம்டி. எனக்கு வேலை வந்திருக்கு."

"எங்க?"

"அங்கயேதான். அதே சலவை, இந்தத் திட்டத்துல. சம்பளம் பழசுல பாதி, அஞ்சு மாசத்துக்கு. நீ எதையாவது கிளப்பினா அவரு வேற ஆளைக் கேட்டுடுவாரு."

"உன் வேலையையே உனக்குப் பிச்சை போடுறான், நீ கும்பிட்டு வாங்கிக்கிறியா?"

"ஆமா. வாங்கிக்கிறேன்." மெரோப்பியின் குரல் உயரவில்லை. "உனக்கு ரோஷம் பெருசு. எனக்கு வீட்டுல ரெண்டு பேரு சாப்பிடணும்."

எவாந்தியா வக்கீலுக்குப் போன் செய்து, வேண்டாம் என்றாள். அன்று அவள் அழுததை நான் பார்த்தேன். ஆலை மூடியபோதுகூட அழாதவள்.

மெரோப்பி இலையுதிர்காலம்வரை அங்கே வெளுத்தாள். பிறகு அவளையும் அனுப்பினார்கள். அரசின் கணக்கில், அந்தச் சுற்றில் புதிதாக வேலை பெற்றவர்களில் அவளும் ஒருத்தி. எவாந்தியா இப்போது பக்கத்து நகரமான லாரிசாவில், யாரோ உறவினரின் கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறாள். போன் செய்தால் கோழிகளைத் திட்டுவாள். வேலையைப் பற்றிக் கேட்டால் போனை வைத்துவிடுவாள்.