கசப்புக்கு ஒரு தோல்

மலேசியாவில், ரவாங் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த சீனியர் என்ஜினியரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரும் என்னைப் போலத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து வந்தவர்தான். அதனாலேயே எரிச்சல் எனக்கு இரண்டு மடங்கு.

நிலவேம்புப் பொடியின் கசப்பு குழந்தைகளின் நாக்குக்குத் தெரியாமல் மறைப்பதுதான் எங்கள் வேலை. பொடியையும் பாலிமரையும் இரும்புக் கலனில் போட்டு, கார்பன் டை ஆக்சைடை அழுத்திச் சூடாக்குவோம். வாயுவும் இல்லை, திரவமும் இல்லை என்கிற ஒரு நிலைக்கு அது வந்ததும் பாலிமர் அதில் கரைந்துவிடும். பிறகு அழுத்தத்தை மெல்லக் குறைத்தால், ஒவ்வொரு துகள்மேலும் பாலிமர் தோலாகப் படியும். அவசரப்பட்டால் தனிச் செதிலாக உதிர்ந்துவிடும். துகள் அம்மணமாகவே கிடக்கும். வால்வின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தவள் நான். முதலாளியிடம் போய்த் தன் வேலையாகச் சொன்னவர் அவர். புது டீமின் தலைமையும் அவருக்கே என்று ஆபீஸில் பேச்சு.

பொடியை வாங்கவிருந்த வாடிக்கையாளர் அம்மா முதலாளியோடு பார்க்க வந்த அன்று, வால்வை நானே திறக்கிறேன் என்று சீனியர் முன்னால் போய் நின்றார். இஷ்டத்துக்குத் திறந்தார்.

“மெதுவா விடுங்கண்ணே,” என்றேன்.

“அப்படி விட்டா கஸ்டமர் தூங்கிடுவாங்க லா. நீ சும்மா இரு.”

சும்மா இருந்தேன். முந்தின நாள் நான் பூசி முடித்த நல்ல பொடி, கோட்டுப் பையில் ஒரு குப்பியில் இருந்தது. கை அதைத் தொட்டது. எடுக்கவில்லை.

கலனிலிருந்து வந்த பொடியை, கோயில் திருநீற்றை வாயில் போட்டுக்கொள்கிற பழக்கத்தில், அவர் தாராளமாக அள்ளி அண்ணாந்து போட்டுக்கொண்டார். முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

இருமலுக்கு நடுவில் முதலாளியிடம் என்னைக் கை காட்டினார். “பொடி போட்டது இந்தப் பொண்ணுதான் சார்.”

அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். குப்பியைத் திறந்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினேன். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். இதைச் செய்தது யார் என்றும் கேட்டார்.

“நான்தான்,” என்றேன். டீம் யாருக்கு என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

எல்லாரும் போன பிறகு அவர் என் மேசைக்கு வந்தார். “நாக்கு இன்னும் கசக்குது தங்கச்சி. தண்ணி இருக்கா?”

என் கைக்குப் பக்கத்திலேயே பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

“பொறுங்கண்ணே,” என்றேன். “மெதுவாத்தான் போகும்.”