நிமிர்ந்து நிற்க ஒரு வேன்

தாராவியில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்வது என் தொழில். பழைய குட்டி வேனுக்குள் குனிந்தே வேலை பார்த்து என் முதுகு கேள்விக்குறியாகிவிட்டது. ஐரோப்பாவில் மெக்கானிக்குகள் உயரமான வேனுக்குள் நின்றபடி வேலை செய்யும் வீடியோக்களைப் பார்த்து ஏங்கினேன். நவி மும்பை வாஷியில் ஒரு ஷோரூமில் அதே மாதிரி வேன் கண்ணில் பட்டது. ஏறி நின்றேன், தலை இடிக்கவில்லை. அந்த ஒரே சோதனையோடு, மறுநாள் பழையதைக் கொடுத்து இதை எடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

"நம்ம சந்துக்கு ஒருக்கா கொண்டாரச் சொல்லுங்க. பொறவு வாங்குங்க" என்றாள் என் மனைவி ரஜியா.

அன்று மாலையே ஷோரூம் டிரைவர் வேனை ஓட்டிவந்தார். நான் பின்கதவைத் திறந்துவைத்து, உள்ளே மந்திரி போல நின்று தெருவுக்கே கையசைத்தேன். சந்தில் திரும்பியதும் மேலே 'கிரீச்' என்று சத்தம். எதிர்வீட்டு மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியில் வேனின் கூரை உரசிவிட்டது. ஏணியின் நடுவில் துணி வாளியோடு பேச்சியம்மாள் அக்கா!

"எய்யா காதரு, என்னைய ஏணியோட எங்கய்யா கூட்டிட்டுப் போற?"

ரஜியா போட்ட கூச்சலில் வேன் நின்றது. ஏணி ஆடியது, நல்லவேளை, விழவில்லை. அக்கா இறங்கித் தரையில் கால் ஊன்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"உங்க முதுகு நிமிர அக்கா முதுகு ஒடியணுமாக்கும்?" என்றாள் ரஜியா.

கடைசியில் கூரை தாழ்ந்த வேன்தான் வாங்கினேன். மெஷினை வெளியே இறக்கி, ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். புதிய தெருவில் வேலை வந்தால், முதலில் நடந்துபோய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொண்டுபோகிறேன். காக்கை எண்ணுகிறேன் என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.