சத்தம் கேட்டு வந்தவர்கள்

சென்னையில் ஒரு பெரிய லேபில் வேலை கிடைத்திருப்பதை என் கணவரிடம் சொன்னபோது, அவர் சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெய்வேலியில் ஒரு சின்ன லேபில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பது அப்போது என் வேலை.

"எவன்டி கூப்ட்டான் உன்ன?" என்றார்.

பதில் சொல்வதற்குள் குழம்புக் கிண்ணம் என் நெற்றியில் வந்து மோதியது. எழுந்து வந்து என் முடியைப் பிடித்துச் சுவரில் இடித்தார். கதவோரம் மாட்டியிருந்த மைன்ஸ் ஹெல்மெட்டை எடுத்து விலாவில் அடித்தார். இரண்டாவது அடியில் உள்ளே எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

எதிர் குவார்ட்டர்ஸ்காரரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். அவர் என் கணவரோடு ஒரே ஷிஃப்டில் இருப்பவர். கணவரை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். மனைவி என்னைத் தூக்கி உட்காரவைத்து நெற்றி ரத்தத்தைத் துடைத்தாள்.

"பர்மனென்ட் வேலைல இருக்கிறவரு. குடி கிடின்னு ஒண்ணும் கிடையாது. ஆஸ்பத்திரி, ஸ்கூலு எல்லாம் பக்கத்துலயே இருக்கு. இத வுட்டுட்டு மெட்ராஸ்ல போயி என்னக்கா பண்ணப்போற?"

அக்கறையோடுதான் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவர்கள்தான் வந்து விலக்கிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பொழுது சாய்வதற்குள் எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் சேர்த்துவிட்டும் போனார்கள்.

எனக்கு நெய்வேலி பிடிக்கும். அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், மகள் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகலாம். அதற்காகவே பதினோரு வருடம் பொறுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அன்று திரும்பிப் பார்த்தால், ஆறாவது படிக்கும் என் மகள் தரையில் சிந்திய குழம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. பழக்கப்பட்ட வேலை போல, பழைய துணியைத் தேடி எடுத்திருந்தாள். அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் அவர் ஷிஃப்டுக்குப் போனதும், கட்டுப் போட்ட விலாவோடு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சென்னையில் தரைத்தளத்தில் ஒற்றை அறை. வாசலில் சாக்கடை நாற்றம். மகள் சைக்கிளைக் கேட்டு அழுதாள். மூன்று மாதம் அக்கம்பக்கத்தில் யாரும் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா மட்டும், தண்ணீர் மோட்டாரை நிறுத்தாவிட்டால் மேலிருந்தே கத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தேன். என் கணவர் நின்றிருந்தார்.

"வூட்டுக்கு வா. நெய்வேலில நம்ம பிளாக்கு சனமே சிரிச்சிக்கினு இருக்குது."

"வரமாட்டேன்."

முடியைப் பிடித்து வெளியே இழுத்தார். மாடிப்படியில் தாடை மோதி ஒரு பல் உடைந்தது. அவர் மணிக்கட்டைக் கடித்தேன். என் வாயில் இருந்தது யார் ரத்தம் என்று தெரியவில்லை. அவர் அலறிக்கொண்டே என் வயிற்றில் உதைத்தார்.

மேலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். நைட்டிமேல் ஒரு துண்டு, கையில் ஒட்டடைக் கம்பு.

"இது எங்க குடும்ப விஷயம், நீ போ," என்றார் கணவர்.

"படிக்கட்டு என்னுது," என்று சொல்லி அந்த அம்மா என் கணவரின் முழங்காலில் ஒன்று போட்டார். "நீ யாருன்னு எனக்குத் தெரியாது. இவ யாருன்னும் தெரியாது. கைய எடு!"

கணவர் கையை எடுக்கவில்லை. இரண்டாவது அடி கைவிரல்களில் விழுந்தது. கம்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் என் முடியை விட்டார்.

போலீசை அழைத்ததும், என்னோடு ஸ்டேஷனுக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அந்த அம்மாதான். வழக்கு இன்னும் நடக்கிறது. எதிர் குவார்ட்டர்ஸ்காரி எப்போதாவது போன் செய்து, "அவரு ரொம்ப இளைச்சிட்டாருக்கா," என்பாள். கேட்டுக்கொள்வேன். திரும்பிப் போகும் எண்ணம் வந்ததில்லை.

ஸ்டேஷனுக்குப் போய்வந்த மறுநாள் காலை அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல மாடிக்குப் போனேன். "அது கெடக்கட்டும்," என்றார். "நேத்து மோட்டார யாரு நிறுத்தாம வுட்டது?" நான் நிறுத்தினேன் என்றேன். இல்லை என்றார். உடைந்த பல்லோடு, என்னால் முடிந்த அளவு சத்தமாக, நானும் திருப்பிச் சண்டை போட்டேன்.