மடியில் வைத்த பெல்ட்

பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த காலத்திலேயே அவருக்கு ஸ்பானர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் விடவில்லை. கை நிறைய கிரீஸ், வாய் நிறைய வம்பு. அவருடைய பழைய ஜீப்பைப் பார்த்து, "யானையைக் கட்டித் தீனி போடுறான்" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். லீவு கிடைத்தால் போதும், மனைவியை ஏற்றிக்கொண்டு பாதையே இல்லாத மலைக்குக் கிளம்பிவிடுவார். "நல்ல ரோட்ல போறதுக்கு ஜீப் எதுக்குய்யா?" என்பார்.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஆழமான ஆறு குறுக்கிட்டால் இருவருக்கும் ஒரு வழக்கம். எஞ்சின் விசிறி சுற்றினால் தண்ணீரை வாரி மேலே இறைத்து வண்டியை நிறுத்திவிடும். அதனால் ஆற்றில் இறங்குமுன் ஸ்பானர் விசிறி பெல்ட்டைக் கழற்றி மனைவியின் மடியில் போடுவார். அக்கரை ஏறியதும், "ஏங்க, பெல்ட்டு" என்று அந்த அம்மா நீட்டுவார். திரும்ப மாட்டும் நினைப்பை ஸ்பானர் ஒருநாளும் தன் தலையில் ஏற்றிக்கொண்டதில்லை. அது மனைவியின் இலாகா.

இப்போது அந்த அம்மாவுக்கு மறதி நோய். அடுப்பு மறந்தது, தெரு மறந்தது, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து தன் வீடு என்று சண்டை போட்டதும் நடந்தது. "அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா. உங்களால தனியா பாத்துக்க முடியாது" என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. ஒரு தடவ மலைக்குப் போய்ட்டு வந்தா பழையபடி ஆயிடுவா. ஆகலன்னா நீயே கூட்டிட்டுப் போ" என்று சவால் விட்டுக் கிளம்பினார் ஸ்பானர். நோயோடு பந்தயம் கட்டினால் ஜெயிக்க முடியுமா? ஆசை யாரை விட்டது.

வழக்கம்போல பெல்ட்டைக் கழற்றி மனைவியின் மடியில் போட்டுவிட்டு ஆற்றில் இறங்கினார். கடக்கும்போது அந்த அம்மா தண்ணீரைப் பார்த்துக் கலகலவென்று சிரித்தார். ஸ்பானருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'பாத்தியாடி மகளே!' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கரையேறி, நிற்காமல் மேட்டில் ஏற்றினார். பாதி மேட்டில் எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியது. பானெட்டைத் திறந்தார். விசிறியும் தண்ணீர் பம்பும் சும்மா நின்றன. பெல்ட்டைத் திரும்ப மாட்டவே இல்லை; அந்த அம்மா இந்த முறை நீட்டவில்லை.

"பெல்ட்ட குடும்மா."

அந்த அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெல்ட்டின் ஒரு பக்கம் பைக்கு வெளியே தெரிந்தது. "தர மாட்டேன். இது எங்க வீட்டுக்காரரோடது. பத்திரமா வச்சிருக்கச் சொன்னார்."

"நான்தான்டி உன் வீட்டுக்காரன்! என்னப் பாரு!"

அந்த அம்மா பயந்து கதவோரம் ஒடுங்கினார். "ஏன் சார் கத்துறீங்க? அவர் இப்ப வந்துடுவார்."

பிடுங்கியிருக்கலாம். மனம் வரவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"அம்மா, நான் மெக்கானிக்குங்க. உங்க வீட்டுக்காரர்தான் அனுப்பினார். அத வண்டில மாட்டணும்."

"அவரா அனுப்பினார்?" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "இந்தாங்க. சரியா மாட்டுங்க, இல்லன்னா திட்டுவார்."

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை மாட்டி, கம்பியால் நெம்பி இறுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலைதான். அன்றைக்கு இரண்டு முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்தால், அந்த அம்மா பின் சீட்டில் போய் உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி வாங்கம்மா. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்."

"இருக்கட்டுங்க. வேற ஆம்பள பக்கத்துல உக்காந்தா அவர் மனசு கஷ்டப்படும்."

இன்னொரு முறை அந்த ஆற்றில் இறங்க ஸ்பானருக்குத் தெம்பில்லை. சுற்றுவழியில் மெதுவாக இறக்கினார். சிக்னல் கிடைத்த இடத்தில் நிறுத்தி மகளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கே வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போம்மா."

"ஏன்ப்பா? என்னாச்சு?"

அதற்குள் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "எங்க வீட்டுக்காரர்கிட்டயா பேசுறீங்க? நான் நல்லா இருக்கேன், கவலப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றார் ஸ்பானர்.